முதலில் எந்த லாங்குவேஜ்? உவர்மலையிலிருந்து என் பதில்

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட்ஸ் வந்த கையோடு இன்பாக்ஸில் ஒரே கேள்வி. "அண்ணா, வெப் டெவலப்பர் ஆக எந்த கோடிங் லாங்குவேஜ் படிக்கலாம்? பைதனா, ஜாவாவா, பிஎச்பியா?" மூதூரில் இருந்தும் கேட்கிறார்கள், கிண்ணியாவில் இருந்தும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஜாவாஸ்க்ரிப்ட். முதல் ஒரு மாதம் பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதுகிற எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கிற சிஎஸ்எஸ் இரண்டிலும் கை பழகட்டும். அதன் பிறகு நேரே ஜாவாஸ்க்ரிப்ட்தான்.

ஜாவா வேறு, ஜாவாஸ்க்ரிப்ட் வேறு. இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நான் ஏ.எல். முடித்த வருடம், வெப் படிக்க வேண்டும் என்று ஒரு இடத்தில் காசு கட்டினேன். அம்மா காப்பை அடகு வைத்துத் தந்த காசு. ஆறு மாதம் ஜாவா சொல்லித் தந்தார்கள். கேட்டால், "ரெண்டும் ஒண்டுதான் தம்பி" என்றார்கள். 1995இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கொம்பனியில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவத்தை எழுதிய மொழி ஜாவாஸ்க்ரிப்ட். முதலில் அதற்கு மோக்கா என்று பெயர், பிறகு லைவ்ஸ்க்ரிப்ட். அப்போது ஜாவாவுக்கு இருந்த மவுசைப் பார்த்து இந்தப் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரை நம்பி இன்றைக்கும் பிள்ளைகள் காசு கட்டுகிறார்கள். தயவுசெய்து கோர்ஸில் சேருமுன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஜாவாஸ்க்ரிப்டை ஏன் சொல்கிறேன் என்றால், வெப் பக்கத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் ஏதாவது நடக்க வேண்டும், அதை நடத்த பிரவுசருக்குத் தெரிந்த மொழி அதுதான். சேர்வரில், அதாவது தளத்தை அனுப்பித் தருகிற கணினியில், பைதன் இருந்தாலும் பிஎச்பி இருந்தாலும் பிரவுசரில் தெரிகிற முன்பக்கத்துக்கு இது வேண்டும். பிரவுசருக்கு வெளியேயும் ஜாவாஸ்க்ரிப்டை ஓட்டுகிற நோட் ஜேஎஸ் 2009இல் வந்ததோடு சேர்வர் பக்கத்தையும் இதே மொழியில் எழுதலாம் என்று ஆகிவிட்டது. பழைய லப்டொப் போதும். நோட்பேடும் பிரவுசரும் இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம்.

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். நிலாவெளியில் அவனுடைய மாமாவுக்கு ஒரு சின்ன விடுதி. அதற்கு அறை பதிகிற படிவம் எழுதியிருந்தான். மே 1 என்று தெரிவு செய்தால், ஜூன் 1 என்று உறுதிப்படுத்தல் வருகிறது. நம் திருகோணமலைக் கரையில் கடல் அடங்கி ஆட்கள் வருவதே மே முதல் செப்டம்பர் வரைதான், அதில் ஒரு மாதம் பிசகினால் மாமாவின் நிலைமை என்ன? இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜாவாஸ்க்ரிப்டில் திகதியைக் கையாளுகிற டேட்டில் (Date) மாதம் பூச்சியத்தில் தொடங்கும். ஜனவரி 0, மே 4. இவன் திகதியைப் பிரித்து 5ஐ அப்படியே கொடுத்திருந்தான். ஒன்றைக் கழித்ததும் மே வந்துவிட்டது. அடுத்தது, பெரியவர் 2, பிள்ளை 1, மொத்தம் 21 பேர் என்று காட்டியது. படிவத்தில் இருந்து வருவது எண் இல்லை, எழுத்து. இரண்டையும் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். எண்ணாக மாற்றிய பிறகு 3 வந்தது. அந்த ஒரு பின்னேரம் அவன் படித்ததை எந்த வீடியோவும் அவனுக்குப் படிப்பித்திருக்காது.

பிஎச்பி செத்துவிட்டது என்பவர்களை நம்பாதீர்கள். தளங்களை இலகுவாகச் செய்ய உதவுகிற வேர்ட்பிரஸ் அதில்தான் ஓடுகிறது, விக்கிப்பீடியாவும் அதில்தான். என்னிடம் தளம் கேட்டு வருகிற விடுதிக்காரர்களில் பாதிப்பேர் வேர்ட்பிரஸ்தான் கேட்கிறார்கள். ஆகவே இரண்டாவது மொழியாக அது நல்ல தெரிவு. கொழும்பில் இருக்கிற என் கூட்டாளி ஒருவன் ஜாவாவில் தொடங்கச் சொல்வான். வங்கி மென்பொருள் செய்கிற பெரிய கொம்பனிக்குப் போக நினைப்பவர்களுக்கு அவன் சொல்வது சரி. தரவுப் பக்கம் மனம் போனால் பைதன். ஜாவாஸ்க்ரிப்ட்டின் மேல் கட்டிய டைப்ஸ்க்ரிப்ட் என்ற மொழியை, ஜாவாஸ்க்ரிப்ட் பிடிபட்ட பிறகு பார்க்கலாம், அவசரமில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது தெரிவு அல்ல, தாவுவது. மூன்று கிழமை பைதன், பிறகு யாரோ சொன்னார் என்று வேறொன்று. ஒவ்வொன்றிலும் வேரியபிள், லூப் என்ற தொடக்கப் பாடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "எனக்கு கோடிங் வராது" என்று நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகள் விட்டுப் போவதைப் பார்க்க மனம் தாங்கவில்லை. ஒரு வருடம் ஒன்றிலேயே இருங்கள். மாமாவின் விடுதி, சித்தியின் தையல் கடை, ஊர்க் கோயில் திருவிழா அட்டவணை, ஏதாவது ஒன்றை முழுதாகச் செய்து முடியுங்கள்.

சனிக்கிழமை பின்னேரங்களில் நான் வீட்டில்தான் இருப்பேன். லப்டொப் இல்லாவிட்டாலும் வாருங்கள், என்னுடையதில் எழுதலாம். பாதியில் நிற்கிற வேலை ஏதாவது இருந்தால் அதையே கொண்டு வாருங்கள்.