ஜூல் வெர்ன் வீட்டைவிட்டு நகராதவரா?

"பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல் வெர்ன் ஊர் தாண்டியதே இல்லை, வீட்டிலிருந்தே உலகத்தை எழுதினார்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. 1859-லேயே ஸ்காட்லாந்து போனவர் அவர். 1867-ல் தம்பி பால் வெர்னுடன் 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க்கையும் நயாகராவையும் பார்த்தார். அப்புறம் சொந்தப் படகுகளே மூன்று! மூன்றுக்கும் 'சான் மிஷல்' என்றுதான் பெயர். மூன்றாவது, நீராவிப் படகு. அதில் லிஸ்பன், அல்ஜியர்ஸ், மால்டா வரை போய்வந்தார்.

சரி, இந்தியாவை அவர் பார்த்ததில்லை, உலகைச் சுற்றியதுமில்லை. அவற்றைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் நூலகத்தில் பிறந்தவை. ஆனால் கடல் அவருக்கு நேரில் தெரிந்த கடல். 1886-ல் காலில் குண்டு பாய்ந்த பிறகே பயணம் குறைந்தது. அப்போதும் சும்மா இருக்கவில்லை: 1888 முதல் பிரான்சின் அமியான் நகரமன்ற உறுப்பினர்.