கைமாறிய மென்பொருளும் பழைய பாவனையாளரும்

சிறிய மென்பொருள் நிறுவனமொன்று தன் படைப்பைப் பெரிய நிறுவனத்துக்கு விற்பதே அதன் உழைப்புக்குக் கிடைக்கும் உச்சப் பயன் என்று கட்டுரையாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். விற்பதை நான் குறை சொல்லவில்லை. ஃபோர்தோட் என்ற சிறிய நிறுவனத்தின் பவர்பொயின்ற்றை 1987இல் மைக்ரோசொப்ட் 14 மில்லியன் டொலருக்கு வாங்கியிராவிட்டால், அது இன்று எங்கள் பள்ளிக்கூடங்கள் வரை வந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால், அதே மைக்ரோசொப்ட் 2015இல் வாங்கிய, பேர்லினில் உருவான, செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலிட உதவும் வண்டர்லிஸ்ட் செயலி 2020 மே மாதத்தில் மூடப்பட்டது. உருவாக்கியவரே திருப்பி வாங்கிக்கொள்ள முன்வந்தும் பலன் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் நடத்தும் பலசரக்குக் கடையில், இரண்டு இளைஞர்கள் எழுதிய சிட்டை போடும் மென்பொருளை ஆறு வருடங்கள் பாவித்தோம். பொருட்களின் பெயர்கள் தமிழில் அச்சாகும். அரிசியைக் கிலோவிலும் போடலாம், கொத்திலும் போடலாம். அந்த மென்பொருள் வேறு நிறுவனத்துக்குக் கைமாறிய நான்காம் மாதம், சிட்டையில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாக விழத் தொடங்கின. அந்தப் பிள்ளைகளுக்குத் தொலைபேசி எடுத்தபோது, மென்பொருளைத் திருத்தத் தேவையான மூலநிரல் இப்போது தங்களிடம் இல்லை என்று மிகவும் வருந்தினார்கள். கடன் கணக்குகளை வெளியே எடுக்கவும் வழி இருக்கவில்லை. என் மகள் மூன்று இரவுகள் கண்விழித்து, ஒவ்வொருவரின் நிலுவையையும் திரையைப் பார்த்துக் கொப்பியில் எழுதினாள்.

பணம் கைமாறிய பின் எதையும் கேட்க முடியாதென்பதால், பழைய பாவனையாளருக்கு எத்தனை வருடங்கள் திருத்தங்கள் கிடைக்கும், மூட நேர்ந்தால் அவர்களின் தரவுகளை எப்படி எடுத்துக் கொடுப்பது என்ற இரண்டையும் விற்பவர் ஒப்பந்தத்திலேயே எழுதுவித்துக்கொள்ள வேண்டும் என்று இத்துறையில் இறங்கும் எங்கள் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.