இண்டக்ஷன் அடுப்பைத் திட்டித் தீர்த்தேன், திட்டியிருக்க வேண்டியது கையேட்டை

ஒரு அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. பாத்திரத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினால் பீப் பீப் என்று ஒரே கத்தல், திரையில் ஏதோ ஒரு பிழை எண். கையேட்டைப் புரட்டினேன். பொருத்தமான பாத்திரத்தைப் பயன்படுத்தவும் என்று ஒரு வரி. எது பொருத்தமான பாத்திரம்? அதைச் சொல்வதற்குத்தானே கையேடு? உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் முன்னும் பின்னுமாக அலைகிறது. அதில் பிறக்கும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைக் கிளப்பி, அந்த அடியையே சூடாக்குகிறது. ஆக, பாத்திரம்தான் இங்கே அடுப்பு. சாதாரண அலுமினியமும் செம்பும் இதற்குச் சரிப்படாது. எவர்சில்வரிலேயே சிலதில் காந்தம் ஒட்டும், சிலதில் ஒட்டாது. ஒரு சின்னக் காந்தத்தை அடியில் வைத்துப் பார்த்தால் சட்டென்று தெரிந்துவிடும்: ஒட்டினால் சரிப்படும், ஒட்டாவிட்டால் சரிப்படாது. இதை அச்சடிக்க என்ன கேடு வந்தது?

அதைவிடப் பெரிய கூத்து சிறு தீ. பாலை வைத்து 300 வாட்டுக்குக் குறைத்தேன். உர்ரென்று சத்தம், பால் ஓரத்தில் நுரைத்து ஏறியது. அடுத்த நொடி சத்தம் நின்றது, நுரை அப்படியே அடங்கிப்போனது. மறுபடி உர்ர், மறுபடி அடக்கம். கெட்டுப்போன அடுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது: இந்த மாதிரி மேசை அடுப்புகள் பலவற்றால் சக்தியை அவ்வளவு கீழே இறக்கித் தொடர்ந்து தர முடியாது. கொஞ்ச நேரம் வேகமாக எரித்து, கொஞ்ச நேரம் நிறுத்தி, சராசரியில்தான் 300 வருகிறது. அடி கனமான பாத்திரத்துக்கு மாறினேன். அந்தக் கனமே சூட்டைப் பிடித்துவைத்து இடைவெளியை நிரப்பிவிடுகிறது. இப்போது பால் ஒரே சீராகக் காய்கிறது. சத்தம் எழும்பி அடங்குவதை வைத்தே, திரும்பிப் பார்க்காமல் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன். இவ்வளவு அழகான விஷயத்தை ஒரு கோளாறு மாதிரி நான் பயந்து பயந்து பார்க்க வேண்டியிருந்தது பாருங்கள், அதுதான் ஆறவில்லை.

சமைத்து முடித்து அணைத்த பிறகும் உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். வீணாக ஓடுகிறதே என்று பத்து நாள் சுவரிலேயே ஸ்விட்சை அணைத்தேன். உள்ளிருக்கும் சுருளும் மின்னணுப் பாகங்களும் ஆறத்தான் அது ஓடுகிறது. அடுப்பின் ஆயுளை நானே குறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! கையேட்டில் இது எங்கே இருந்தது தெரியுமா? பதினோராம் பக்கத்தில், எறும்பு எழுத்தில். முதல் பக்கம் முழுக்கத் தயாரிப்பின் பெருமை.

ஈர விரலுக்குத் தொடு பொத்தான் ஒழுங்காகக் கேட்காது. சிந்திய தண்ணீரையே விரல் என்று நினைத்துக்கொள்ளும். பால் பொங்கி வழிகிற நேரத்தில் இதைக் கண்டுபிடிப்பது என்ன கொடுமை! அன்றைக்குப் பதறிப்போய்ப் பாத்திரத்தையே தூக்கினேன், அடுப்பு தானாக அடங்கிவிட்டது. பாத்திரம் இல்லாவிட்டால் அது சூடேற்றவே செய்யாது. எந்தப் பொத்தானையும்விட நம்பகமான வழி இதுதான், இதையும் யாரும் சொல்லவில்லை. கண்ணாடித் தட்டு மட்டும் பாத்திரத்தின் சூட்டை வாங்கிக் கொதித்துக்கொண்டிருக்கும், உடனே கை வைக்கக் கூடாது.

இன்றைக்கு எனக்கு இந்த அடுப்பு ரொம்பப் பிடிக்கும். 2000 வாட்டில் வைத்தால் ஒரு லிட்டர் தண்ணீர் மூன்றரை நிமிடத்தில் தளதளவென்று கொதிக்கிறது, சமையலறையும் வெந்துபோவதில்லை. முதல் வாரமே பிடித்திருக்க வேண்டியது. பதினாறு பக்கத்துக்கு எச்சரிக்கை அச்சடிக்கிறவர்களே, ஏன் இப்படிச் செய்கிறது என்று ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன், அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியும் விட்டேன். முதல் வரி: பொங்கினால் பொத்தானைத் தேடாதே, பாத்திரத்தைத் தூக்கு.