ஓம், காசுக்காகத்தான்

அந்தப் படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் விட்டவர்களுக்கும் யாராவது ஒருவர் அனுப்பி வைத்திருப்பார், நம்ம ஊர் அப்படி. ஆகவே அதைத் திரும்ப இங்கே போடவில்லை. பாதி குடித்துவிட்டு வைத்த தண்ணீர்ப் போத்தல்களை எடுத்து, குனிந்து நின்று வாளிக்குள் ஊற்றிக்கொண்டிருப்பது நான்தான். கீழே இருந்த வாசகம் மட்டும் என்னுடையதல்ல: "சுற்றாடலாம்! எல்லாம் காசை மிச்சம் பிடிக்கத்தான். எங்கட அக்காவைப் பாருங்கோ."

உடனே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். கொஞ்சம் ஆறவிட்டு எழுதுகிறேன். முழுக்க ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓம், காசுக்காகத்தான் செய்கிறேன். இதில் என்ன பிழை?

வந்திருந்தவர்களுக்கு அன்று நடந்தது தெரியும். அது சுற்றாடல் பாதுகாப்பு பற்றிய செயலமர்வு. 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று ரெஜிபோமில், அதாவது வெள்ளைப் பிளாஸ்டிக் நுரைத் தகட்டில், வெட்டி மேடையில் ஒட்டியிருந்தார்கள். பின்னால் சுவரளவு ஃபிளெக்ஸ் பேனர். ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல். வெளியே கச்சான் காற்று அனலாக அடிக்கிறது, உள்ளே ஏசிக் குளிரில் பெண்கள் சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கதவு வேறு திறந்தபடி. போகும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப்பை தந்தார்கள். நல்ல விஷயம்தான். அந்தத் துணிப்பை பொலித்தீன் உறைக்குள் இருந்தது.

இதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மிஞ்சிய தண்ணீரை ஒருத்தி வாளியில் சேர்த்து வாசல் பூச்சாடிகளுக்கு ஊற்றியதுதான் சிரிப்பாகிவிட்டது. சரி.

காசை மிச்சம் பிடிப்பது கேவலம் என்று எப்போதிலிருந்து முடிவு செய்தோம்? மின்சார சபையின் பில்லை ஒருமுறை ஊன்றிப் பார்த்தவருக்குத் தெரியும். வீட்டுப் பாவனையில் மாதம் 60 யுனிட் வரைக்கும் ஒரு விலைப்பட்டியல். 61ஆவது யுனிட் வந்ததும், அந்த ஒன்றுக்கு மட்டும் கூட எடுத்துவிட்டு விடுவதில்லை. முதல் யுனிட்டிலிருந்தே வேறு பட்டியலுக்குள் போய்விடுகிறோம். நிலையான கட்டணமும் ஏறுகிறது. அதனால் 58இல் நிற்கும் வீட்டுக்கும் 63இல் நிற்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து யுனிட் காசு மட்டுமில்லை. எங்கள் வீட்டில் மீட்டர் வாசிக்க வரும் தம்பியைக் கண்டால் பிள்ளைகளே "எத்தனை அண்ணா?" என்று ஓடுவார்கள். வெட்கமாக இருக்கிறதா? எனக்கு இல்லை.

அந்த ஐந்து யுனிட்டைப் பிடிப்பது பெரிய வித்தையும் இல்லை. பழைய 60 வாட் குண்டு பல்ப் ஒன்று இரவில் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 9 யுனிட். அதே வெளிச்சத்துக்கு 9 வாட் எல்.இ.டி. போட்டால் ஒன்றரை யுனிட்டும் வராது. கேத்தலில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணிக்கு விளிம்பு வரைக்கும் நிரப்பிக் கொதிக்க வைப்பவர்கள், அது பெரும்பாலும் 1500, 2000 வாட் இழுக்கும் சாமான் என்பதை நினைப்பதில்லை. அயன் பெட்டியை ஒவ்வொரு காலையும் ஒரு சட்டைக்காகச் சூடாக்காமல், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் பள்ளிச் சீருடையையும் என் சேலையையும் ஒன்றாக முடித்துவிடுகிறேன். கடலையும் பயறும் இரவே ஊறிவிடும். சட்டிக்கு மூடி இருக்கிறது, அதை மூடுகிறேன். இவ்வளவுதான் என் சுற்றாடல் இயக்கம். பேனர் அடிக்கவில்லை.

குசினிக் கழிவு எங்கள் வளவைத் தாண்டிப் போவதில்லை. மாமரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கு, அதற்குள் மரக்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் சருகும். மேலே கொஞ்சம் மண். நாட்டில் சேரும் குப்பையில் பாதிக்கு மேல் இப்படி உக்கக்கூடியதுதான். அதைப் பொலித்தீன் பையில் கட்டி வீதியில் வைத்துவிட்டு, நாய் இழுத்துப் போட்டதென்று மாநகர சபையைத் திட்டுகிறோம். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 பேர் செத்தார்கள். அது கொழும்புக் கதை என்று இருந்துவிட முடியாது. எங்கள் திருகோணமலைக் கோட்டைப் பக்கம் மான் சொப்பிங் பையை மெல்லுவதைப் பார்க்காத ஊர்க்காரர் யாராவது இருந்தால் கை உயர்த்துங்கள்.

இந்தக் கிடங்கையும் காசுக்காகத்தான் வெட்டினேன். கத்தரிக்கும் பயற்றைக்கும் பசளை வாங்கக் காசில்லாத நேரம். மானுக்கு அது தெரியாது. என் காரணம் என்னவாக இருந்தாலும் அதன் வயிற்றுக்குள் என் வீட்டுப் பை போகவில்லை, அல்லவா?

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எரியாத விளக்கு எரியாத விளக்குதான். பூமியை நினைத்து அணைத்தால் புண்ணியம், பில்லை நினைத்து அணைத்தால் கஞ்சத்தனம் என்று யார் பிரித்தார்கள்?

இப்போது சிலர் வருவார்கள் என்று தெரியும். "நீங்கள் ஒரு லைட் அணைத்து என்ன ஆகப்போகிறது? பெரிய கம்பனிகளைக் கேளுங்கள்." கேட்கத்தான் வேண்டும். கேட்டும் இருக்கிறோம். எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் நிலக்கரி அனல்மின் நிலையம் வரப்போகிறது என்றபோது அந்த மக்கள் எத்தனை வருடம் கத்தினார்கள்! 2016இல் அது கைவிடப்பட்டது, இப்போது அங்கே சூரிய மின் திட்டம் என்கிறார்கள். அப்போது கத்தியவர்களில் பலர் வீட்டில் ஒரு விளக்கோடு இருந்தவர்கள். வீட்டில் லைட் அணைப்பவளுக்குக் கம்பனியைக் கேட்க வாய் இல்லாமல் போய்விடுமா என்ன? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப் பேர் இரண்டையும் செய்வதில்லை. அதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

"கந்தோர்க் காசுதானே, உங்களுக்கு ஏன் நோகிறது?" இது இன்னொன்று. எங்கள் கந்தோரில் ஏசியை 16இல் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போடுபவரிடம் 26இல் வையுங்கள் என்று சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பதில் இது. 16இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று நினைக்கிறார்கள். சாதாரண ஏசி எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிராக்கும், 16இல் வைத்தால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். கந்தோர்க் காசு யாருடைய காசு? சவர்க்காரக் கட்டி வாங்கும்போதும் 18 வீதம் வற் வரி கட்டுகிறோமே, அது எங்கே போகிறது என்று நினைத்தீர்கள்? ஒரு பக்கம் அச்சடித்த கடுதாசியின் மறுபக்கத்தில் குறிப்பெழுதினால் எனக்குப் பட்டப்பெயர். 2022 மார்ச்சில், நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்த நேரம், கடுதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பரீட்சையையே தள்ளிப் போட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோம்.

2022ஐ மறக்கத்தான் எல்லாருக்கும் அவசரம். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 5000 ரூபாவுக்குக் கிட்டப் போனது, அந்த விலைக்கும் வரிசையில் நின்றவர்களுக்கே கிடைக்கவில்லை. ஜூனில் பெற்றோல் 470 ரூபா. வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்தார்கள். ஞாபகம் இருக்கிறதா? அந்த நாட்களில் எங்கள் வளவில் காய்ந்து கிடந்த தென்னம்பாளையும் மட்டையும் சிரட்டையும் கேட்டு எத்தனை பேர் வந்தார்கள்! படத்தைப் போட்டவரின் வீட்டு அடுப்பும் எங்கள் விறகில் எரிந்தது. "நீங்கள் கெட்டிக்காரி அக்கா, எல்லாத்தையும் சேர்த்து வைச்சிருக்கிறீங்கள்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுத்தான் கட்டிக்கொண்டு போனார். அப்போது கெட்டிக்காரி, இப்போது கஞ்சப் பிசினாறி. சிலிண்டர் கிடைக்கத் தொடங்கியதும் என் குணம் மாறிவிட்டது போலிருக்கிறது.

இதைச் சொல்லிக் காட்டக்கூடாது என்று அம்மா சொல்வார். அம்மாவை இந்தப் பதிவுக்குள் கொண்டுவர நினைக்கவில்லை, ஆனால் அவரை விட்டுவிட்டு இதை எழுதவும் முடியாது.

அம்மா மீன் வாங்க உமலோடு போனவர். பனையோலை உமல். நனைந்தால் கழுவி வேலியில் மாட்டிவிடுவார். சட்டி தேய்க்கச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும். அரிசி கழுவின தண்ணீர் கறிவேப்பிலைக்கு. பால்மாப் பேணி ஒன்றைக்கூட எறிந்ததில்லை, மல்லியும் மிளகும் இன்றைக்கும் அதற்குள்தான். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடித் திரும்பி வந்தவர்களுக்கு ஒரு பேணியின் பெறுமதி தெரியும். அம்மாவுக்கு யாரும் துணிப்பை கொடுத்ததில்லை, சான்றிதழும் கொடுத்ததில்லை. சந்தையில் உமலைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் இருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வகுப்புப் பிள்ளைகள் சிரித்து, நான் அழுதுகொண்டு வந்ததும் உண்டு. அந்தச் சிரிப்புத்தான் இன்று போனுக்குள் வந்திருக்கிறது.

இப்போது அதே பனையோலைப் பை, கொஞ்சம் சாயம் போட்டு, உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாசப் பயணிகளுக்கு ஆயிரக்கணக்கில் விற்கிறது. விற்கட்டும், பின்னுகிறவர்களுக்குக் காசு போனால் சந்தோஷம். ஆனால் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரர் போத்தல் பொறுக்கினால் "பார்த்துப் படியுங்கள்" என்று படம் போடுகிறோம். நம்ம ஊர்ப் பெண் ஒருத்தி போத்தல் பொறுக்கினால் அவளுக்கு வறுமை என்கிறோம். பெரிய பதவியில் உள்ள ஐயா ஒருநாள் சைக்கிளில் வந்தால் எளிமை. பாலையூற்றிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வேலைக்கு வரும் எங்கள் கந்தோர் அண்ணனை யார் படம் எடுத்தார்கள்? அவரிடம் கேட்டேன். "நான் பெற்றோலுக்குக் காசில்லாமல் மிதிக்கிறன் தங்கச்சி, எனக்கு எதுக்குப் படம்?" என்றார். அவர்தான் இந்த ஊரின் முதல் சுற்றாடல்காரர். செயலமர்வுக்கு அவரைக் கூப்பிடவில்லை, கதிரை அடுக்கக் கூப்பிட்டார்கள்.

ஆக, பிரச்சினை காசு மிச்சம் பிடிப்பதில் இல்லை. யார் மிச்சம் பிடிக்கிறார் என்பதில்தான். காசுள்ளவர் செய்தால் கொள்கை, எங்களைப் போன்றவர்கள் செய்தால் பழக்கதோஷம். பெண் செய்தால் இன்னும் ஒரு படி கீழே.

ஒரு கேள்வி மட்டும் நியாயமானது, அதையும் சொல்லிவிடுகிறேன். "மிச்சம் பிடிக்கவும் முதலில் காசு வேண்டுமே" என்று ஒரு தங்கச்சி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். உண்மை. நல்ல எல்.இ.டி. பல்ப்புக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், கூரையில் சோலார் என்றால் லட்சக்கணக்கில். வாடகை வீட்டில் இருப்பவர் யாருடைய கூரையில் பூட்டுவது? அதற்கு என்னிடம் விடை இல்லை. மூடி போட்டுச் சமைக்கக் காசு வேண்டாம் என்பது மட்டும் தெரியும்.

கடைசியாக, "பகிடிக்குத்தானே போட்டது, ஏன் இவ்வளவு கோபம்?" பகிடி எனக்கும் தெரியும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் குரங்கு ஒன்று பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதாகச் சொன்னபோது நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். பகிடி என்றால் அது. வேலை செய்துகொண்டிருப்பவளைப் பின்னால் நின்று படமெடுத்து, அவள் இல்லாத குழுக்களில் போட்டு, அது அவள் மகளின் வகுப்புக் குழு வரைக்கும் போவது பகிடி இல்லை. மகள் அதைக் காட்டும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். "அம்மா, நீங்கள் ஏன் போத்தலை எடுத்தீங்கள்?" என்று கேட்டாள். எடுத்ததற்குக் காரணம் சொன்னேன். ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டாள். அதற்குச் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

படத்தை அழிக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கப்போவதில்லை, இருக்கட்டும். போட்டவரின் பெயரைக் கமெண்டில் எழுதுபவர்களின் கமெண்டை அழிப்பேன், எனக்கு அந்த வேலை வேண்டாம். அடுத்த மாதம் இரண்டாவது செயலமர்வு இருக்கிறதாம். ஏற்பாட்டாளர்கள் இதை வாசித்தால்: எங்கள் வீட்டில் இரண்டு பெரிய குடமும் சில்வர் தம்ளர்களும் இருக்கின்றன, கொண்டுவந்து தருகிறேன். கழுவியும் தருகிறேன். போத்தலுக்கு ஒதுக்கிய காசில் அந்தச் சைக்கிள் அண்ணனுக்கு ஒரு சோடி டயர் வாங்கிக் கொடுங்கள். அவரையும் ஒரு கதிரையில் உட்கார வையுங்கள்.