டில்லன் குரலுக்கு ஆர்னஸ் படம் எதற்கு?

நேற்று இணையத்தில் நடந்த சண்டையைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம், மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'கன்ஸ்மோக்' என்ற பழைய அமெரிக்க கௌபாய் வானொலி நாடகத்தை ஏற்றிவிட்டு, முகப்பில் அதன் டிவி வடிவத்தில் நாயகனாக நடித்த ஜேம்ஸ் ஆர்னஸ் படத்தை ஒட்டியிருந்தார்கள். பேசுகிறவர் ஆர்னஸ் இல்லை, வில்லியம் கான்ராட் என்று மரியாதையாகத்தான் கீழே எழுதினேன். "வெறும் குரல்தானே, யார் மூஞ்சியா இருந்தா என்ன?" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரிக்கு விழுந்த லைக்குகளைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த வானொலித் தொடரில் ஆர்னஸ் ஒரு சொல்கூடப் பேசவில்லை. 1952 ஏப்ரல் 26 அன்று சிபிஎஸ் வானொலியில் தொடங்கியது. 1961 ஜூன் 18 வரை ஓடியது. ஏறக்குறைய 480 அத்தியாயங்கள், அத்தனையிலும் நாயகன் மேட் டில்லன், அதாவது ஊரின் சட்டக் காவலரான மார்ஷல், கான்ராட்தான். தொலைக்காட்சிக்கு வந்ததே 1955 செப்டம்பரில். "ரேடியோ ஒரு ஒத்திகை மாதிரி, உண்மையான கன்ஸ்மோக் டிவியில்தான்" என்று ஒருவர் விளக்கம் சொல்லியிருந்தார். நாடகம் மேடையேறிய பிறகும் ஆறு வருடம் பக்கத்து அறையில் ஒத்திகை நடக்குமா? இரண்டும் ஒரே காலத்தில் ஓடின. ஜான் மெஸ்டன் வானொலிக்கு எழுதிய கதைகளைத்தான் டிவிக்காரர்கள் எடுத்து எடுத்துப் படம்பிடித்தார்கள்.

ஆர்னஸ் நல்ல நடிகர். 20 வருடம் அந்தப் பாத்திரத்தைத் தாங்கியவர், அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் அவர் பேசாத நாடகத்துக்கு அவர் முகம் வேண்டாம். என் கோரிக்கை மொத்தமும் இவ்வளவுதான்.

இப்போது அந்த "வெறும் குரல்" விஷயம். அந்தக் கால ஸ்டுடியோக்களில் பரவலாக இருந்தது ரிப்பன் மைக், உள்ளே மெல்லிய உலோகப் பட்டை அதிர்ந்து ஒலியைப் பிடிக்கும் வகை. அதற்கு முன்புறமும் பின்புறமும் காது உண்டு, பக்கவாட்டில் கிடையாது. இரண்டு நடிகர்கள் எதிரெதிராக நின்று, நடுவில் மைக்கை வைத்துக்கொண்டு பேசுவார்கள். பாத்திரம் அறையைவிட்டுப் போக வேண்டுமென்றால் நடிகர் பேசிக்கொண்டே பக்கவாட்டுக்கு நகர வேண்டும், குரல் தானாகத் தேயும். நெருங்கினால் அடிக்குரல் தடித்துவிடும். ஆகவே ரகசியம் பேசக் கிட்டே வரும்போது குரலை மெலிதாக்கத் தெரிந்திருக்க வேண்டும். 'ப' மாதிரி எழுத்துகளில் வெடித்து வரும் காற்று நேராகப் பட்டால் 'தொம்'மென்று ஒரு சத்தம் விழும், ரிப்பனே தொய்ந்துவிடலாம். அதற்காகச் சற்றுச் சாய்ந்து பேச வேண்டும். கத்துவதென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஸ்கிரிப்ட் தாள் சரசரத்தால் காட்சி போச்சு, அதனால் படித்து முடித்த தாளை அப்படியே தரையில் நழுவவிடுவார்கள். இத்தனையும் கைகால் வேலை. இதையெல்லாம் கவனித்துக்கொண்டே ஒரு களைத்துப்போன மார்ஷலாகவும் இருக்க வேண்டும். இதைத்தான் "வெறும்" என்கிறார்கள்.

தொடக்கத்தில் டில்லன் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் இடத்தை மட்டும் திரும்பப் போட்டுக் கேளுங்கள். இந்த வேலை ஒருவனை எச்சரிக்கையாக இருக்கப் பழக்கும் என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறார். ஒரு சின்ன இடைவெளி. பிறகு, கொஞ்சம் தனிமையாகவும் ஆக்கும் என்று முடிக்கிறார். அந்தக் கடைசிச் சொல்லில் குரல் கீழே இறங்குகிறது. பரிதாபம் தேடவில்லை, வீரமும் காட்டவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பின்னாலேயே பலகை நடைபாதையில் பூட்ஸ் சத்தமும் அதன் குதியில் மாட்டிய முள்ளின் கிணுகிணுப்பும் வரும். இயக்குநர் நார்மன் மக்டொன்னல் அந்த நடையை அவசரப்படுத்தவே மாட்டார். ஆள் நடந்து முடிக்கும்வரை நாமும் காத்திருக்க வேண்டும்.

"சரி, அது நடிப்பு. ஆனால் அவர் பெரும்பாலும் கதைசொல்லிதானே, எழுதியதை வாசிப்பவர்" என்று அடுத்தவர் வருவார். வரட்டும். 1959 நவம்பரில் ராக்கி அணிலும் புல்விங்கிள் மானும் வரும் கார்ட்டூன் தொடங்கியது. அதில் மூச்சுவிடாமல், பதறிப் பதறி, பட்டாசுச் சரம் மாதிரி கதை சொல்கிறவர் இதே கான்ராட். அப்போது கன்ஸ்மோக் வானொலியில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மார்ஷல், இங்கே கார்ட்டூன். தொண்டை ஒன்று. 1963ல் 'தி ஃப்யூஜிடிவ்' டிவி தொடர் வந்தது. மனைவியைக் கொன்றதாகத் தவறாகத் தண்டிக்கப்பட்டு ஓடிக்கொண்டே இருக்கும் டாக்டர் கிம்பிளின் கதை. அதில் கதைசொல்லியாகக் கான்ராடின் மூன்றாவது குரல்: தணிந்தது, தீர்ப்பு வாசிப்பது போன்றது, ஆனாலும் டாக்டர் பக்கம் நிற்பது. 120 அத்தியாயங்கள். 1967 ஆகஸ்ட் 29 அன்று வந்த கடைசி அத்தியாயத்தை அதுவரை அமெரிக்காவில் எந்தத் தொடருக்கும் கூடாத கூட்டம் பார்த்தது. டாக்டரின் ஓட்டம் நின்ற நாள் அது என்று சொல்லி முடித்துவைத்ததும் இந்தக் குரல்தான். அதற்கு அவர் பெயர் திரையில் வந்ததா? வரவில்லை. நாலு வருடம் பெயரில்லாமல் பேசினார். இன்று யாரோ ஒருவர் வந்து முகத்தையும் மாற்றி ஒட்டுகிறார்.

வானொலியில் தான் செய்த வேடங்கள் 7,500 இருக்கும் என்பது அவரே போட்ட கணக்கு. அந்த அளவுக்கு எங்கே திருப்பினாலும் அவர் குரலே கேட்டதால், டில்லனாக அவரைப் போட சிபிஎஸ் முதலில் தயங்கியது. கேட்டுப் பார்த்த பிறகுதான் வழிவிட்டது.

1948ல் 'எஸ்கேப்' வானொலித் தொடரில், எறும்புப் படையை எதிர்த்து நிற்கும் தோட்டக்காரர் லெய்னிங்கன் வேடம் அவருக்கு. எறும்பே கண்ணில் படாத இடத்தில் நின்று எறும்பை நம்பவைத்தார். அதே கதை 1954ல் படமானது. லெய்னிங்கன் யார்? சார்ல்டன் ஹெஸ்டன். கான்ராடும் அந்தப் படத்தில் உண்டு, அரசாங்க கமிஷனராக. அடுத்த வருடமே கன்ஸ்மோக் டிவிக்குப் போனது. டில்லன், செஸ்டர், டாக், கிட்டி என்று வானொலியில் உயிர் கொடுத்த நான்கு பேரில் ஒருவர்கூட டிவியில் அந்த வேடத்துக்குப் போகவில்லை. ஆறடி ஏழங்குல ஆர்னஸ் நின்றால் திரை நிறையும். கான்ராட் குட்டை, பருமன். அதுதான் அவர் செய்த குற்றம்.

"டிவிக்கு உருவம் வேண்டுமே" என்று நிதானமாகச் சொல்வார்கள். அந்த நிதானம்தான் எனக்கு வலிக்கிறது. குரலைக் கேட்கிறபோது பிடித்திருந்த மனிதன், வயிறு தெரிந்ததும் பிடிக்காமல் போனானாம். 1971ல் ஐம்பது வயதைத் தாண்டி, அதே உடம்போடு 'கேனன்' துப்பறிவாளராக வந்து ஐந்து வருடம் தொடரின் நாயகனாக நின்றாரே, அப்போது திரை என்ன கிழிந்தா போனது? 1987ல் வந்த தொடரின் தலைப்பிலேயே 'ஃபேட்மேன்', அதாவது குண்டன், என்று போட்டார்கள். நேற்றைய கமெண்டிலும் ஒருவர் அதே சொல்லைத் தமிழில் எழுதி, சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார். 1994ல் இறந்துபோனவர் கான்ராட்.

கசப்பைச் சுமந்தாரா என்று கேட்டால், தனக்குக் கிடைக்காத அந்த டிவி தொடரிலேயே பின்னாளில் ஓரிரு அத்தியாயங்களை இயக்கிக் கொடுத்தார். அவர் பெருந்தன்மை அவருடையது. எனக்கு அது வரவில்லை, வரவழைத்துக்கொள்ளவும் விருப்பமில்லை.

படம் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். 1946ல் வந்த 'தி கில்லர்ஸ்' படத்தின் தொடக்கக் காட்சியைப் பாருங்கள். சின்ன ஊர் உணவுக் கடைக்குள் கொலைகாரர் இருவர் நுழைகிறார்கள். ஒருவர் சார்ல்ஸ் மெக்ரா. இன்னொருவர், உருண்டை முகமும் சலிப்புக் கண்ணுமாக இருப்பவர், கான்ராட். அந்தச் சட்டகத்தை நிறுத்தி எடுத்து முகப்பில் போடுங்கள். தலைப்பில் அவர் பெயரை எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை.