ஓய்வு பெறுபவருக்கு விழா மட்டும் போதாது

பணி ஓய்வு விழாக்களில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். நேர்மையானவர், எளிமையானவர், நேரம் தவறாதவர். பெயரை மட்டும் மாற்றினால் அடுத்து ஓய்வு பெறுபவருக்கும் அதே உரை பொருந்திவிடும். மக்கள் பணியிலேயே ஆயுளின் பாதியைக் கழித்தவருக்கு இது போதவே போதாது.

எங்கள் பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பழைய கோப்பைத் தேடி வருபவரை, எண் தெரியாது என்பதற்காக அவர் திருப்பி அனுப்பியதே இல்லை. எந்த வருஷம், யார் பெயரில், அப்போது குடும்பத்தில் மூத்தவர் யார் என்று பொறுமையாகக் கேட்பார். பழைய பதிவேடுகளில் ஒரே ஆளின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்திருப்பார்கள். எந்த எழுத்து எப்படியெல்லாம் மாறியிருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. கணினி 'பதிவு இல்லை' என்று சொன்ன பிறகும் தூசி தட்டிய கட்டிலிருந்து அந்தக் கோப்பை உருவிக்கொண்டு வருவார். அப்படிக் கோப்பு கிடைத்து வேலை முடிந்தவர்களில் இரண்டு பேரையாவது விழாவில் பேச வைக்க வேண்டும். அவர்கள் சொல்வதுதான் உண்மையான பாராட்டு.

அவருக்குத் தெரிந்தது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. பொறுப்பு ஒப்படைப்பு என்ற பெயரில் சாவியையும் பதிவேடுகளின் பட்டியலையும் வாங்கிக் கையெழுத்துப் போட்டால் அது வந்துவிடாது. அந்த இடத்துக்கு வரப்போகிறவரைச் சில மாதங்களுக்கு முன்பே அவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். பல அலுவலகங்களில் ஓய்வு பெறுபவர் போன பிறகுதான் அடுத்த ஆளையே தேடுகிறார்கள்!

ஐ.நா. சபை ஜூன் 23-ஐப் பொதுச்சேவை நாளாகக் கொண்டாடுகிறது, 2003 முதல் விருதும் தருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அது பொது நிறுவனங்களின் முயற்சிகளுக்கான விருது. பதிவறையில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒருவரின் உழைப்பை, கூட வேலை செய்த நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது ஓய்வூதியத் தாள்களை. விடுப்புப் பதிவு விடுபட்டிருக்கிறது, பதவி உயர்வுக்குக் கையெழுத்து இல்லை என்று கடைசி நேரத்தில் கேள்வி கிளப்பி, ஊருக்கெல்லாம் கோப்பு எடுத்துக் கொடுத்தவரைத் தன் கோப்புக்காக அலையவிடுவது பெரிய அவமரியாதை. பணிப்பதிவேட்டை முன்கூட்டியே சரிபார்த்திருந்தால் இந்த அலைச்சலே இருக்காது. அக்காவின் தாள்கள் இப்போது எந்த மேசையில் இருக்கின்றன என்று திங்கட்கிழமை நேரில் போய்க் கேட்கப் போகிறேன். உங்கள் அலுவலகத்திலும் யாராவது ஓய்வு பெறப் போகிறார்கள் என்றால், விழாவுக்கு வசூலிக்கும் முன் இதைக் கேளுங்கள்.