அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்

"அதுக்கெல்லாம் அவனுக்கு விவரம் பத்தாதுங்க." சிறப்புப் பள்ளி ஆசிரியராக நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. அறிவுசார் குறைபாடுள்ள பதின்ம வயதினருக்கும் தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்பதை ஏற்கப் பெற்றோர் மட்டுமல்ல, மருத்துவர்கள் சிலரும் தயங்குகிறார்கள். உண்ண மறுப்பது, உறங்காமல் கிடப்பது, தன்னையே அடித்துக்கொள்வது என எதைக் கண்டாலும் அதைக் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தப் போக்கை 1982-லேயே ஆராய்ந்து எழுதினார்கள். ("செத்துப் போறேன்" என்ற மாணவரை, சினிமாவில் கேட்டதைச் சொல்கிறார் என்று நானும் ஒருமுறை கடந்து போயிருக்கிறேன்.)

தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. எப்படிக் கேட்பது என்பதுதான் சிக்கல். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட 'ஏ.எஸ்.க்யூ.' என்ற தற்கொலை அபாயத்தைக் கண்டறியும் வினாத்தாள் நான்கே கேள்விகள் கொண்டது. குழந்தைகளுக்கான அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 10 முதல் 21 வயது வரையிலானவர்களிடம் சோதிக்கப்பட்ட நல்ல கருவி. ஆனால் அதன் இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்: கடந்த சில வாரங்களில், நீங்கள் இறந்துவிட்டால் உங்களுக்கோ குடும்பத்துக்கோ நல்லது என்று தோன்றியதா? என் மாணவர்களில் பலருக்குச் 'சில வாரங்கள்' என்பது பிடிபடாது. 'இறந்துவிட்டால்' என்ற நிபந்தனை அதைவிடக் கடினம். இவற்றுக்கு மேல், கேட்பவரின் முகம் மலர வேண்டும் என்பதற்காகவே எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று தலையாட்டும் பழக்கம் வேறு. "பொங்கலுக்கு அப்புறம் எப்பவாவது செத்துப்போகணும்னு நினைச்சியா?" என்று ஒரே செய்தியை மட்டும் கேட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து அதையே மாற்றிக் கேட்டு, படங்களைக் காட்டி, சாவு என்றால் என்னவென்று அவர் புரிந்துவைத்திருக்கிறார் என்பதையும் அறிந்துகொண்டால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பு.

இதற்கெல்லாம் நேரமில்லாமல் அம்மாவிடம் கேட்டு முடித்துவிடுகிறார்கள். அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கென பிரிட்டனில் 2003-இல் வந்த கிளாஸ்கோ மனச்சோர்வு அளவுகோலில் பராமரிப்பவருக்கெனத் தனிப் பகுதி உண்டு; அதுவும் துணைப் பகுதிதான், மாற்று அல்ல. வீட்டிலேயே துன்புறுத்தப்படும் பிள்ளை, துன்புறுத்துபவர் பக்கத்தில் இருக்கும்போது என்ன சொல்லிவிட முடியும்?

நம் 2017 மனநலச் சட்டம் அறிவுசார் குறைபாட்டை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை. அது சரியானதே. ஆனால் தமிழ்நாட்டில் மனநலம் ஒரு துறையிலும் மாற்றுத்திறனாளி நலன் வேறொரு துறையிலும் இருப்பதால், இரண்டும் சேர்ந்த பிள்ளையை அங்கும் இங்குமாக அலையவிடுகிறோம். 'ஆமாம்' என்று ஒரு மாணவர் சொன்னால் அடுத்து யாரிடம் போவது என்பதைப் பள்ளி முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. ஆனால் இவர்களில் பலரால் தாமாக அழைத்துப் பேச இயலாது. அழைப்பவர் ஆசிரியராகவோ அம்மாவாகவோ இருந்தாலும், ஸ்பீக்கரைப் போட்டு, அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பேசுங்கள்.